நாற்பத்தோராம் நாள்

ஹப்புத்தளைக்கு மேலே
மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடி.
இலை வாட்டிய தட்டுகளைக் கழற்றிவிட்டு
பதினாறு கண்ணாடிக் குடுவைகளை வைத்திருக்கிறோம்.
குலுக்கி மேசை நிமிடத்துக்கு நூற்றைம்பது தடவை
இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது.

கிழக்கிலிருந்து லொறியில் வந்த சாக்கில்
சிவப்பு மையால் எழுதியிருந்தது: தரம் குறைவு.
நூற்றுக்கு ஆறு பங்கு செம்பு.
மற்றது இரும்பு, கந்தகம், வெறும் கல்.
உலைக்காரர்கள் புறங்கையால் தள்ளிவிட்ட மாவு.
தேயிலையில் இதற்கு டஸ்ட் என்று பெயர்.
அதற்காவது ஏலத்தில் விலை உண்டு.

இதைத் தின்ன ஆள் வேண்டும்.

முதல் ஆட்கள் விமானத்தில் வந்தார்கள்,
பனிக்கட்டிப் பெட்டியில், மூன்று முத்திரையோடு,
சுங்கத்தில் நான்கு நாள் காத்திருந்து.
லலந்த சேர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து
"மெதுவாகப் பேசுங்கள், பயணக் களைப்பு" என்றார்.
எலுமிச்சையைவிடப் புளிப்பான தண்ணீர்,
முப்பது பாகைச் சூடு,
கேட்டதெல்லாம் கொடுத்தோம்.
பதினோராம் இரவு கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல்
யாருடைய லொறியிலோ ஓடிக்கொண்டிருந்தது.
விடியும்போது அறையில் பதின்மூன்று பாகை.
நுண்ணோக்கிக்குள் குனிந்தேன்.
ஒருவரும் அசையவில்லை.

எண்ணுவது என் வேலை.
எண்ணும் கண்ணாடியில் சின்னச் சின்னச் சதுரங்கள்;
காலையில் ஒவ்வொன்றாகப் பெரட்டு எடுப்பேன்.
அம்மாவின் பெயருக்கு நேரே
செக்ரோலில் ஒருவர் இப்படித்தான் கோடு போட்டார்:
முழுப்பேர், அரைப்பேர்.
நான் யாருக்கும் அரைப்பேர் போடுவதில்லை.
பிளந்துகொண்டிருப்பதை
இரண்டென்றே எழுதுகிறேன்.

அடுத்த ஆட்களை நானே கூட்டி வந்தேன்.
இதல்கஸ்ஸின்னைச் சுரங்கம் தாண்டி,
ரயிலுக்காக வெட்டிய பாறையில் ஒரு கசிவு.
செம்மஞ்சள் களிம்பு.
சேலையில் பட்டால் போகாதென்று
பெண்கள் திட்டிக்கொண்டே தாண்டிப்போகும் தண்ணீர்.
ஜாம் போத்தலில் அள்ளி, மூன்றாம் வகுப்பில்
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
எதிரே இருந்தவள் கேட்டாள்: "அச்சாறா?"
"புளிப்புத்தான்" என்றேன்.

சேர் சிரித்தார். ஆனாலும்
மூன்று குடுவைகளை ஒதுக்கித் தந்தார்.

இவர்களுக்குச் செம்பு வேண்டாம்.
இரும்பிலும் கந்தகத்திலும்தான் சீவனம்.
நாம் தேடுவது
இவர்கள் உண்டு எழுந்த இலையில்
கரைந்து கிடக்கிறது.

பத்தொன்பதாம் நாள் மறுபடி கரண்ட் போனது.
மூடுபனி ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்து
குடுவைகளைச் சுற்றி நின்றது.
இவர்கள் கொஞ்சம் கைகட்டி இருந்தார்கள், அவ்வளவுதான்.
மலைக் குளிர் இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் நன்றாக நடந்ததென்று சொல்லமாட்டேன்.
இரண்டாம் குடுவையில் மஞ்சள் வண்டல் மண்டி
மாவை மூடிப் பூட்டிவிட்டது.
ஏனென்று இன்னும் தெரியாது.

நாற்பத்தோராம் நாள்
முதல் குடுவையின் நீரை வடித்தேன்.
நீலம் என்றால் நீலமில்லை, பச்சை என்றால் பச்சையில்லை.
காவலுக்கு இருந்த இருளப்பன்
சுவரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கித் தந்தார்.
ஒரு காலத்தில் சம்பளப் பட்டியல் தொங்கிய ஆணி.
துருவைச் சுரண்டி, நூலில் கட்டி இறக்கினேன்.
ஒரு பீடி எரியும் நேரம்.
தூக்கியபோது ஆணி செம்பாக இருந்தது,
பாதி உடம்புக்கு,
புதுக் குத்துவிளக்கின் கழுத்தைப்போல் சிவந்து.

"எவ்வளவு வரும்?"
"இந்தக் குடுவைக்கு, ஒரு கிராமில் மூன்றில் ஒன்று."
அவர் சிரிக்கவில்லை.
பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்:
"ஆளுக்கு எவ்வளவு?"

தாளெடுத்து வகுத்தேன்.
புள்ளிக்குப் பிறகு பூச்சியங்கள்
ஓரம்வரை போய், திரும்பி, அடுத்த வரிக்கு வந்தன.
அவர் பக்கத்தில் நின்று
ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்,
ஏதாவது விட்டுப்போயிற்றா என்று.

மேசை இன்னும் தலையாட்டிக்கொண்டிருக்கிறது.
மூன்றாம் குடுவையை நாளைக்குத்தான் திறக்க வேண்டும்.